சொசைட்டி முற்றத்தில் சாமி படம் போட்ட கதை

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை புளி கிடையாது. தயிர், எலுமிச்சை, ஊறுகாய் எதுவும் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தில் புளியில்லாமல் ஒரு நாள் சமைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். குழம்பு இல்லை, ரசம் இல்லை. பருப்புக் கடைசல், பூசணிக்காய்க் கூட்டு, நெய், அப்பளம், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் ஊரிலிருந்து வந்தது இல்லை. ஊரில் எங்கள் சொந்தக்காரர்கள் யார் வீட்டிலும் இது கிடையாது. மும்பையில் பார்த்த ஓர் இந்திப் படத்திலிருந்து வந்தது.

1975-ல் 'ஜெய் சந்தோஷி மா' வந்தபோது அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தாராவியில் ஒற்றை அறை வீடு. தாத்தாவுக்குத் தோல் கிடங்கில் வேலை, அதுவும் வந்தால் வரும், போனால் போகும். ஆச்சிக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்கள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்களாம். கொட்டகைக்குள் போகுமுன் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள், ஆச்சியும் கழற்றினாள். பாட்டு வந்ததும் பெண்கள் எழுந்து நின்று திரையைப் பார்த்துத் தட்டில் சூடம் ஏற்றிக் காட்டினார்கள், காசும் பூவும் பறந்தன. அதே வருஷம்தான் 'ஷோலே'யும் வந்தது. அதன் பக்கத்தில் இந்தப் படம் செலவில் ஒன்றுமே இல்லை. ஆனால் அதுவரை அவ்வளவாக யாருக்கும் தெரியாத ஒரு தெய்வத்தை வடக்கே வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வைத்தது இதுதான். பதினாறு வெள்ளிக்கிழமை விரதம், வெல்லமும் வறுத்த கடலையும் பிரசாதம், புளிப்பைத் தொடக்கூடாது, கடைசியில் எட்டுப் பையன்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். ஆச்சி வீடு திரும்பிய அந்த வாரமே தொடங்கினாள். பதினாறு முடிந்த பிறகும் விடவில்லை. சாகும்வரை விடவில்லை.

இந்த மும்பையில்தான், இந்தியாவின் முதல் முழுநீளப் படத்தை எடுத்த பால்கே, இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஒரு மௌனப் படத்தைப் பார்த்துவிட்டு, நம் தெய்வங்களும் இப்படித் திரையில் வந்தால் என்ன என்று நினைத்தார். 1913 மே 3 அன்று கிர்காவ் கொரோனேஷன் கொட்டகையில் அவருடைய 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. ஒரு மதத்துப் படம் இன்னொரு மதத்துக்காரர் மனதில் போய் விதையாக விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். சாமி படம் என்றால் வயதானவர்கள் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எங்கள் அடுப்படியை மாற்றியது ஒரு சாமி படம். 1987-ல் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியபோது குழாயடியில் ஆளே இருக்காது, அந்த நேரத்தில் போய்ப் பத்துக் குடம் பிடித்துவிடலாம் என்று அம்மா சொல்வாள். ஆச்சி அந்தத் தொடர் பார்த்தே இந்தி பேசக் கற்றுக்கொண்டாள்.

ஆச்சி போய் இரண்டு வருஷமாகிறது. போன நவராத்திரிக்கு அவள் நினைவாக எங்கள் சொசைட்டி (அடுக்குமாடிக் குடியிருப்பு) முற்றத்தில் மூன்று நாள் சாமி படம் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை ஆச்சி பார்த்த 'ஜெய் சந்தோஷி மா'. சனிக்கிழமை 1960-களில் வந்த ஒரு தமிழ்ப் படம். ஞாயிறு ஓர் அம்மன் படம். என் வீட்டுக்காரர் ஜாம்நகரில் சைட்டில் இருந்தார். கட்டடத்தில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நாற்பதாயிரம் வரை பிரித்துக்கொள்வோம் என்று வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன. நான் நம்பினேன். கையில் இருந்த பணம் அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு எடுத்து வைத்தது. வசூல் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று அதைத் தொட்டேன். முதல் பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பொதுக் காரியத்துக்குச் சொன்ன பணம் வேறு, வந்த பணம் வேறு. வந்தது பதினோராயிரம். கையில் வந்த பணத்துக்குள் என்ன முடியுமோ அதற்கு மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். சாமி காரியம் நின்றுபோகக் கூடாது என்ற பதற்றத்தில் சொந்தக் காசைப் போட்டால், பிறகு கேட்கவும் வாய் வராது.

புரொஜக்டர், திரை, ஒலிபெருக்கி மூன்று நாளைக்கு 36,000 ரூபாய். மொத்தமும் முன்பணம். அடித்துப் பேசாமல் கொடுத்தேன். ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்று கேட்கவே இல்லை. நாற்காலிக்கு 6,000. பிரசாதத்துக்கு 9,500. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதி வாங்கினேன், அதை மட்டும் சரியாகச் செய்தேன். அனுமதித் தாளில் இரவு பத்து மணி என்று தெளிவாகவே போட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். நவராத்திரி என்றால் ஒன்பது நாளும் தளர்வு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. எந்தெந்த நாள் என்று பட்டியல் இருக்கிறது. எங்கள் வெள்ளிக்கிழமை அதில் இல்லை.

ஏழு மணிக்குத் தொடங்க வேண்டியது. புரொஜக்டர்காரர் சயானில் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஏழே முக்கால். ஒயர் இழுத்து, திரை கட்டி, விளக்கேற்றி, ஆச்சி போட்டோவுக்கு மாலை போட்டு, சொசைட்டி தலைவர் நான்கு வார்த்தை பேசி முடிக்கும்போது எட்டேகால். ஆனால் படம் ஓட ஆரம்பித்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. மூன்றாம் மாடி மாவ்ஷி (மராத்தியில் சித்தி), எழுபது வயதிருக்கும், நாற்காலியில் உட்கார மறுத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஆரத்திப் பாட்டு வந்ததும் உள்ளங்கையை விரித்து, அதில் இல்லாத தட்டைத் தாங்குவதுபோல வைத்துக்கொண்டு, மெதுவாக வலமாகச் சுற்றினார். உதடு வார்த்தை தவறாமல் அசைந்தது. இதே மும்பையில் ஆச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர்களில் ஒருத்தி இவர்தானோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அம்மா அழுதுகொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் பட்டது எல்லாம் சரிதான் என்று இப்போதும் சொல்வேன்.

பத்து மணிக்கு வாட்ச்மேன் ஓடி வந்தார். வாசலில் போலீஸ்காரர் நிற்கிறார், சத்தத்தை நிறுத்தச் சொல்கிறார் என்றார். கெஞ்சிப் பார்க்க மனமில்லை, தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். நிறுத்தினோம். எந்த இடத்தில் நின்றது தெரியுமா? விரதம் முடிக்கும் விருந்துச் சாப்பாட்டில் ஓரகத்திகள் புளிப்பைக் கலந்துவிடுகிறார்கள், தெய்வம் சினக்கிறது, சாப்பிட்ட பிள்ளைகள் சுருண்டு விழுகிறார்கள். அங்கே நின்றது. பிறகு அந்தப் பெண் அழுது கும்பிட்டு, பிள்ளைகள் எழுந்து உட்கார்வது வரும். பெரியவர்களுக்கு அது தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பதினைந்து இருபது குழந்தைகளுக்குத் தெரியாது. என் எட்டு வயது மகள் அதில் ஒருத்தி. நான் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை. ஒயர் சுருட்டுவதிலும் நாற்காலி எண்ணுவதிலும் இருந்தேன்.

சனிக்கிழமை ஆறரைக்கே தொடங்கி ஒன்பதுக்கு முடித்தோம். ஞாயிறு மதியம் ஒரு போன். நாங்கள் வாசலில் கட்டியிருந்த பேனரின் போட்டோ எங்கெங்கோ சுற்றியிருக்கிறது, அதில் என் நம்பர் இருந்தது. சனிக்கிழமை போட்ட படத்தின் உரிமை தங்களிடம் இருப்பதாகவும், அனுமதி வாங்கினீர்களா என்றும் ஒருவர் கேட்டார். கடையில் காசு கொடுத்து வாங்கிய டிவிடி, இலவசமாகத்தான் காட்டினோம், சாமி படம்தானே சார் என்று படபடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைய படத்தை ரத்து செய்தேன். அதற்குக் கொடுத்த 12,000 திரும்பவில்லை. ஒன்பது நாள் கழித்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது, மூன்று லட்சம் கேட்டு.

குழுவில் போட்டேன். அதுவரை நாளுக்கு நூறு செய்தி வந்த குழு அமைதியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்ல முடியவில்லை, ஆபரேஷன் எப்போது என்று கேட்டுவிடுவாளோ என்று அவள் பக்கம் போகவே பயம். வீட்டுக்காரரிடம் பாதி சொன்னேன். ஒரு வாரம் ராத்திரி தூக்கமே இல்லை. சயான் கோலிவாடாவில் தமிழ் தெரிந்த வக்கீல் ஒருவரைத் தோழி காட்டினாள். அவர் சொன்னதை அப்போதே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

டிவிடி வாங்கினால் வீட்டில் பார்க்கத்தான் உரிமை. தட்டைப் போட்டவுடன் வரும் எச்சரிக்கையில் அதுதான் எழுதியிருக்கும், நாம் ஓட்டிவிடுகிறோம். ஓடிடி சந்தாவும் அப்படித்தான், நம் டிவியில் பார்ப்பதற்கு மட்டும். டிக்கெட் விற்கவில்லை என்பது படத்துக்கு விலக்கு ஆகாது. 'கோயில் விழாவுக்கு விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டேனே சார்' என்று கேட்டேன். 'இருக்கிறதும்மா, ஆனால் அந்தப் பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்' என்று எடுத்துக் காட்டினார். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், உண்மையான மதச் சடங்கின்போது பாட்டு, நாடகம், ஒலிப்பதிவு இவற்றுக்கு விலக்கு இருக்கிறது. திரைப்படம் என்ற சொல் அதில் இல்லை. முற்றத்தில் வில்லுப்பாட்டு வைத்திருந்தால் இந்த நோட்டீஸே வந்திருக்காது என்றார். எங்கள் ஊர்க் கலை, எனக்கு அது தோன்றவே இல்லை.

பழைய படம்தானே என்பதும் தப்பான கணக்கு. படம் வெளிவந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருஷம் உரிமை இருக்கும். 1965-ல் வந்த படத்துக்கு 2025 டிசம்பர் முடியும்வரை. 1975-ல் வந்ததற்கு 2035 முடியும்வரை. படத்துக்கு முடிந்தாலும் அதிலுள்ள பாட்டு வரிகளுக்கு எழுதியவர் காலமானதிலிருந்து அறுபது வருஷக் கணக்குத் தனியாக ஓடும். ஆச்சியின் படத்துக்கும் நான் அனுமதி வாங்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான், ஆனால் தப்பு தப்புதான்.

இப்படி ஒரு போன் உங்களுக்கு வந்தால் என்னைப்போல எல்லாவற்றையும் ஒப்பிக்காதீர்கள். எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லி வையுங்கள். உரிமை அவர்களிடம் இருப்பதற்கான ஒப்பந்த நகலைக் கேளுங்கள். அதில் எந்த உரிமை என்று பாருங்கள், டிவி உரிமை வேறு, பொதுத் திரையிடல் உரிமை வேறு. எங்கள் விஷயத்தில் அவர்களிடம் தாள் சரியாகவே இருந்தது. வக்கீல் நான்கு முறை பேசி 45,000-க்கு முடித்துக் கொடுத்தார், இனி இதுபற்றிக் கேட்பதில்லை என்று எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கொடுக்கச் சொன்னார். அவருக்கு 15,000. முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒரு காட்சிக்கு எவ்வளவு வாங்கியிருப்பீர்கள் என்று கடைசி நாள் அந்த நிறுவனத்து ஆளிடம் கேட்டேன். எட்டாயிரம் என்றார். ஆக மொத்தம் 1,11,500 ரூபாய் போனது, வந்த பதினோராயிரத்தைக் கழித்தால் ஒரு லட்சத்து ஐந்நூறு. அம்மாவின் ஆபரேஷன் நான்கு மாதம் தள்ளிப்போனது. அந்த நான்கு மாதமும் அவள் அரிசியில் கல் பொறுக்கத் தட்டை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

பணத்தைவிட மகள் விஷயம்தான் என்னை உடைத்தது. படம் போட்ட அடுத்த வெள்ளிக்கிழமை அவள் டிபன் டப்பா திறக்காமல் வந்தது. பள்ளியில் பக்கத்துப் பெண் எலுமிச்சைச் சாதம் கொண்டு வந்திருந்தாளாம், கை பட்டிருக்கும் என்றாள். நான் அந்தப் போன் வந்த கவலையில் 'சரி விடு' என்றுவிட்டேன். அப்புறம் மற்ற நாளிலும் தொடங்கியது. ரசம் வேண்டாம், மோர் வேண்டாம். ஒரு ராத்திரி அவள் அப்பா ஜாம்நகரிலிருந்து வீடியோ காலில் பேசும்போது அவர் தட்டில் ஊறுகாய் இருந்ததைப் பார்த்துவிட்டு அலறினாள். அன்றைக்கு என்ன கிழமை தெரியுமா? வெள்ளி. 'அப்பா சாப்பிடாதீங்க, துப்புங்க' என்று போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் படத்தில் கணவன் பிழைப்புக்காகத் தூரதேசம் போகிறான். இங்கே அவள் அப்பாவும் தூரத்தில். விழுந்து கிடந்த பிள்ளைகள் எழுந்ததை அவள் பார்க்கவில்லை. குழந்தை மனசு இந்த மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டது. ஐந்து வாரம் இதைச் சுமந்திருக்கிறாள், நான் மும்முரமாக வக்கீல் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

பள்ளிக் கவுன்சிலரிடம் போனேன். படம் முழுக்க ஒரு முறை பகலில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள், நடுவில் நிறுத்தி என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள் என்றார். இது தெரியாமலா ஆச்சி எங்களை வளர்த்தாள்? அவள் சாமி படம் பார்க்கும்போது வாய் ஓயாது. 'பயப்படாதே, இப்ப வந்திருவா பாரு', 'இந்த ஆளு அடுத்த படத்துல நாரதரா வருவான்', 'இந்த அரக்கன் வீட்டுக்குப் போயி நம்மள மாதிரிதான் இட்லி சாப்பிடுவான்' என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பக்தியும் குறையாது, பயமும் வராது. நான் குழந்தைகளை முன்வரிசையில் தள்ளிவிட்டுப் பின்னால் நாற்காலி எண்ணினேன். அதனால் சொல்கிறேன்: படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள், சினிமாச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு வரும் யு/ஏ (பெரியவர் துணையோடு பார்க்க வேண்டிய) படங்களில் 7, 13, 16 என்று வயது போட்டே வருகிறது. பழைய படத்தில் அது இருக்காது, நீங்களே முதலில் முழுதாகப் பார்த்துவிடுங்கள். நேரத்துக்குத் தொடங்க முடியாவிட்டால் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் மேல் தெய்வக் கோபத்தை இறக்கிவிட்டு அருளைக் காட்டாமல் தூங்க அனுப்பாதீர்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தோம். பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்ததும் மகள் பெருமூச்சு விட்டாள். ஆனாலும் ரசத்தைத் தொடவில்லை. அப்போதுதான் அம்மா ஒன்று சொன்னாள், எனக்கே அதுவரை தெரியாது. ஆச்சியின் பதினொன்றாவது வெள்ளிக்கிழமை, ரேஷன் வரிசையில் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாளாம். பக்கத்தில் நின்ற பெண் எலுமிச்சையைப் பிழிந்து வாயில் விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த ஆச்சி பதறவில்லை. வெல்லத்தையும் கடலையையும் எடுத்து வைத்துவிட்டு, 'கணக்கு தப்பிப் போச்சு. அடுத்த வாரம் ஒண்ணுல இருந்து எண்ணிக்கிடுவோம், அவ என்ன நமக்கு அந்நியமா?' என்று சொல்லிச் சிரித்தாளாம். 'அப்புறம் யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?' என்று மகள் கேட்டாள். 'நான் இங்க உக்காந்திருக்கேனே' என்றாள் அம்மா.

அடுத்த நவராத்திரிக்கு வில்லுப்பாட்டுக் குழு ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன், பணம் கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ் என்று செயலாளரிடம் சொல்லியாயிற்று. அம்மா வெள்ளிக்கிழமை புளி சேர்ப்பதில்லை, நானும் இல்லை. மகளிடம் உனக்கு எப்படி இஷ்டமோ அப்படி என்று விட்டுவிட்டோம். போன வெள்ளிக்கிழமை காலையில் டிபன் டப்பாவைத் திறந்து பூசணிக்காய்க் கூட்டைப் பார்த்துவிட்டு, 'அம்மா, எனக்குத் தயிர்ச்சாதம் கிடையாதா?' என்று கேட்டாள்.